மிச்சத்தில் பிறந்த வண்டி

1948. போர் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. புது மாடல் கார் எப்போது வரும் என்று அமெரிக்காவே ஷோரூம் வாசலில் காத்துக் கிடந்த காலம். கார் தொழிலின் தலைநகரமான டெட்ராய்ட் வட்டாரத்தில் வெஸ்ட் கலோக்லி என்ற வக்கீல், தன் தொழிலுக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஒரு வேலையில் இறங்கினார். ஃபோர்டு செடான் ஒன்றை அலுமினியத்தில் சின்னதாக வார்த்தார். ஃபோர்டு கார்களுக்கு அடிக்கும் அசல் பெயின்டையே அதற்கும் அடித்தார். கடைக்கு அனுப்பாமல் நேராக ஃபோர்டு டீலர்களிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். 'அலுமினியம் மாடல் டாய்ஸ்' என்று கம்பெனிக்குப் பெயரும் வைத்தாயிற்று. அந்தப் பெயர் சீக்கிரமே பொய்யாகப் போகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

டீலர்களுக்குப் பொம்மை பிடித்துப்போனது. மேஜைமேல் வைத்தால் வாடிக்கையாளருக்குக் கலர் காட்டலாம். கூட வந்த பையன் கையில் கொடுத்தனுப்பினால், அப்பா வாங்காமல் போன கார் அவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றதைப் பையன் பார்த்துக்கொள்வான். கொஞ்ச நாளில் அலுமினியம் போய் பிளாஸ்டிக் வந்தது. பெயரில் இருந்த அலுமினியம் தர்மசங்கடமாகிவிட, கம்பெனி 'ஏஎம்டி' என்று மூன்று எழுத்தாகச் சுருங்கியது. ஆனால் புதிதாக வந்த பிளாஸ்டிக்குக்குள் ஒரு நோய் ஒளிந்திருந்தது.

அதன் பெயர் செல்லுலோஸ் அசிடேட். கீழே போட்டால் சட்டென்று உடையாது. பிள்ளைகள் கைக்கு ஏற்றது. ஆனால் வருடம் போகப் போக அது தானாகவே சுருங்கி வளையும். அலமாரியில் பத்திரமாக வைத்த குட்டிக் கார், வெயிலில் காய்ந்த அப்பளம்போல நடுவில் எழும்பி ஓரத்தில் மடங்கிப்போயிருக்கும். வளையாத பிளாஸ்டிக் ஒன்று இருந்தது: பாலிஸ்டைரீன். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. தகுந்த பசையைத் தொட்டுவைத்தால், பசை அதன் மேற்பரப்பை லேசாகக் கரைத்துவிடும். இரண்டு துண்டும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, காய்ந்ததும் ஒரே துண்டாகிவிடும். ஒட்டுவதற்கு இவ்வளவு தோதான பொருள் இருக்கும்போது, காரை எதற்காக முழுசாகச் செய்து கொடுக்க வேண்டும்?

1958-ல் 'கிட்' என்ற பெயரில் ஏஎம்டியின் புதுப் பெட்டிகள் கடைக்கு வந்தன. உள்ளே கார் இல்லை. காயும் கிளையுமாகப் பறித்த கொத்துபோல, பிளாஸ்டிக் சட்டங்களில் பாகங்கள் தொங்கின. ஒவ்வொன்றாகக் கிள்ளி, அரம் போட்டு, ஒட்டிச் சேர்த்தால் அசல் காரின் 25-ல் ஒரு பங்கு அளவில் ஒரு கார். ஒரே பெட்டியை மூன்று விதமாகக் கட்டலாம் என்பதுதான் அதில் இருந்த சூட்சுமம். ஷோரூமில் நிற்கிற மாதிரி கட்டலாம். தாழ்த்தி, அலங்கரித்து மைனர் வண்டியாக்கலாம். எண் ஒட்டி ரேஸ் காராகவும் ஆக்கலாம். மூன்றுக்கும் வேண்டிய பாகங்கள் உள்ளேயே இருந்தன. கட்டப்போவது என்னவோ ஒரு கார்தான். அப்படியென்றால் மீதி இரண்டு காருக்கான பம்பரும் சக்கர மூடியும் புகைக்குழாயும் எங்கே போகும்?

செருப்புப் பெட்டிக்குள் போயின. அமெரிக்காவில் கிட் கட்டிய ஒவ்வொரு பையன் கட்டிலுக்கடியிலும் இப்படியொரு மிச்சப் பெட்டி சேர்ந்தது. இரண்டாவது கிட்டில் மீந்தது முதல் கிட்டின் மிச்சத்தோடு கலந்தது. பத்தாவது கிட்டுக்குள் அந்தப் பெட்டி குட்டிக் காயலான் கடையாகிவிட்டது. அதிலிருந்து எடுத்து மாட்ட, பரந்த மடியும் எளிய முகமுமாக ஒரு வண்டி வேண்டியிருந்தது. அது கார் அல்ல.

அது பிக்கப் டிரக். பண்ணையில் வைக்கோலும் பட்டறையில் இரும்பும் சுமந்த அந்த வண்டியை அறுபதுகளின் தொடக்கத்தில் கிட் கம்பெனிகளும் பெட்டிக்குள் போட்டன. 1960 மாடல் செவ்ரோலே, 1953 மாடல் ஃபோர்டு எஃப்-100 என்று ஒவ்வொன்றாக வந்தன. காரில் எதை மாற்றினாலும் முழு அழகும் கெடும். பிக்கப்போ முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு தொட்டி, நடுவில் ஏணிபோல் ஒரு சட்டம் என்று மூன்று தனித் துண்டுகள். அறையை வெட்டித் தாழ்த்தினாலும் தொட்டி கேள்வி கேட்காது. ஆறு சிலிண்டர் இன்ஜினைக் கழற்றிவிட்டு, ரேஸ் கார் கிட்டிலிருந்து வி-8 இன்ஜினை எடுத்து உட்கார வைக்கலாம். உட்கார வைக்கலாம் என்று சொல்வதுதான் சுலபம்.

இரவல் இன்ஜின் எதுவும் முதல் தடவையில் உட்காராது. பின்பக்கம் தடுப்புச் சுவரில் இடிக்கும். சுவரை அரம் போட்டுக் குடைய வேண்டும். முன்பக்கம் விசிறி ரேடியேட்டரில் முட்டும்; ரேடியேட்டரை இரண்டு மில்லிமீட்டர் முன்னால் தள்ள வேண்டும். அது கிரில்லில் போய் இடிக்கும். இத்தனைக்கும் பிறகு இன்ஜின் உட்கார்ந்தால், ஸ்பார்க் பிளக் வயர் இல்லாமல் மொட்டையாகத் தெரியும். வயரைப் பெட்டியில் தேடவேண்டியதில்லை. பாகங்களைக் கிள்ளியபின் குப்பைக்குப் போகும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுவத்திச் சுடருக்கு மேல் பிடித்தால் போதும். பளபளத்து இளகும் நொடியில் விலக்கி, இரு கையாலும் இழுத்தால் தலைமுடி கனத்துக்கு நூலாக நீளும். அதுதான் வயர். குப்பையும் பாகமாகிவிட்டது. கைவித்தை எவ்வளவு இருந்தாலும் கணக்கு மட்டும் வேறொரு பக்கத்திலிருந்து காலை வாரியது.

டெட்ராய்ட்காரர்களான ஏஎம்டி 25-ல் ஒரு பங்கில் கார் செய்தார்கள். சிகாகோவின் மோனோகிராம் கம்பெனி 24-ல் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். 15 அங்குலச் சக்கர வளையம் முதல் கணக்கில் 15.2 மில்லிமீட்டர், இரண்டாவதில் 15.9. கண்ணுக்குத் தெரியாது, இரவல் வாங்கலாம். ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 115 அங்குல இடைவெளி உள்ள பிக்கப்பின் அடிச்சட்டத்தில் அதே வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டராக வளர்ந்துவிடும். சட்டத்தை மாற்றிப் போட்டால் சக்கரம் மட்காப்பில் உரசும். சின்னப் பாகம் எங்கிருந்தும் வரலாம், பெரிய பாகம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது மேஜைதோறும் எழுதப்படாத சட்டமாயிற்று. இதே டெட்ராய்டில், முழு அளவு வண்டியிலேயே அந்தச் சட்டத்தை மீற இரண்டு சகோதரர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

மைக் அலெக்சாண்டர், லாரி அலெக்சாண்டர். வாடிக்கையாளரின் காரை வெட்டி, ஒட்டி, உருமாற்றித் தருவது அவர்கள் பட்டறைத் தொழில். அவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் ஹாரி பென்ட்லி பிராட்லி. பகலில் அவர் ஜெனரல் மோட்டார்ஸின் டிசைனர். அறுபதுகளின் நடுவில் அவர் ஒரு பிக்கப்பை வரைந்தார். அடிப்படையாக எடுத்துக்கொண்டது போட்டிக் கம்பெனியான க்ரைஸ்லரின் டாட்ஜ் ஏ-100. மூக்கே இல்லாமல் தட்டையான முகம், இரண்டு சீட்டுக்கு நடுவே இன்ஜின் என்று ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தாற்போன்ற வண்டி. பிராட்லி வரைந்த படத்திலோ அது தரையோடு தரையாகப் பாய்ந்தது. ஒரே ஒரு குறை: பக்கவாட்டில் கதவு இல்லை.

பின் எப்படி உள்ளே ஏறுவது? முகத்தின் வழியாக! முன்கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும். அதற்குக் கீழே உள்ள தகடு திரும்பி வழிவிடும். ஸ்டியரிங் ஒதுங்கிக்கொள்ளும். ஓட்டுநர் நேராக நடந்து போய் உட்காரலாம். காகிதத்தில் எல்லாம் சரி. க்ரைஸ்லரிடமிருந்து ஒரு ஏ-100 வண்டியும் வந்து சேர்ந்தது. ஆனால் சட்டத்தோடு மேலே தூக்கித் திறக்கிற முன்கண்ணாடி அதில் இல்லை. ஒரே ஒரு வண்டிக்காகப் புதிதாக வளைத்த கண்ணாடி செய்யச் சொன்னால், செலவு கட்டுபடியாகாது. வேலை அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த செருப்புப் பெட்டியின் தர்மம் பட்டறைக்கும் பொருந்தியது. 1960 மாடல் ஃபோர்டு ஸ்டேஷன் வேகனின் பின்பக்கத்தில் சாமான் ஏற்றுவதற்காக மேலே தூக்கித் திறக்கும் கண்ணாடி ஒன்று இருந்தது. பின்னால் இருந்தது முன்னால் வந்தது. ஒரு காரின் முதுகு இன்னொரு வண்டிக்கு முகமாயிற்று. புகைக்குழாயின் வாய்க்கு அழகான விளிம்பு வேண்டும் என்று தேடியபோது ஃபோர்டு மஸ்டாங்கின் பின்விளக்கைச் சுற்றியிருக்கும் சட்டம் கைகொடுத்தது. இன்ஜின் சீட்டு நடுவிலிருந்து 15 அங்குலம் பின்னால் நகர்ந்து தொட்டிக்குள் போய் மூடிக்கு அடியில் ஒளிந்துகொண்டது. ஜெனரல் மோட்டார்ஸ்காரர் வரைந்து, க்ரைஸ்லர் உடம்பில், ஃபோர்டு கண்ணாடி போட்டு ஒரு வண்டி! டெட்ராய்டின் மூன்று ஜாம்பவான்களும் போர்டு ரூமில் என்றுமே ஒட்டியதில்லை, பட்டறையில் ஒட்டிவிட்டார்கள். இனி ஊர் என்ன சொல்லும் என்பதுதான் பாக்கி.

1967. டெட்ராய்ட் ஆட்டோரமா கண்காட்சி. பொன்னிறத்தில் மின்னிய அந்த பிக்கப்புக்கு 'டியோரா' என்று பெயர். கதவில்லாத வண்டியைச் சுற்றி வந்தவர்கள் எப்படி ஏறுவது என்று தெரியாமல் இன்னொரு சுற்று வந்தார்கள். காட்சியின் மிகப் பெரிய கௌரவமான ரிட்லர் விருதை அது தட்டிச் சென்றது. க்ரைஸ்லரே அதை வாடகைக்கு எடுத்துத் தன் அரங்கில் வைத்துக்கொண்டது. ஏஎம்டியும் சும்மா இருக்கவில்லை. டியோராவை 25-ல் ஒரு பங்காக்கிக் கிட் பெட்டிக்குள் போட்டது. பல வண்டிகளின் பாகங்களால் ஆன வண்டி, மறுபடி பாகங்களாகப் பிரிந்து பெட்டிக்குள் போனது. கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கும், பிராட்லிக்கு அப்போது வேறொரு வேலை வராமல் இருந்திருந்தால்.

வேலை கொடுத்தது கலிஃபோர்னியாவில் பார்பி பொம்மை செய்துகொண்டிருந்த மேட்டல் கம்பெனி. அதன் நிறுவனர்களில் ஒருவரான எலியட் ஹேண்ட்லருக்குச் சின்ன உலோகக் கார்கள் செய்ய ஆசை. பிராட்லி ஜெனரல் மோட்டார்ஸை விட்டு அங்கே போனார். அவர் ஓட்டி வந்ததும் ஒரு பிக்கப்தான்: தன் ரசனைக்கு மாற்றியமைத்த 1964 மாடல் செவ்ரோலே எல் கமினோ. அதன் சக்கரங்களைப் பார்த்து ஹேண்ட்லர் வியந்து சொன்ன வார்த்தையிலிருந்துதான் புதுப் பொம்மைக்குப் பெயர் கிடைத்தது என்று ஒரு கதை உண்டு. முதல் வரிசைக்குப் பதினாறு கார்கள் வேண்டும். பெரும்பாலானவற்றை பிராட்லியே வரைந்தார். வரைந்துவிட்டு, இந்தப் பொம்மை ஓடாது என்று முடிவு கட்டி வேலையை விட்டுவிட்டார்!

1968-ல் பதினாறு கார்களும் கடைக்கு வந்தன. அவற்றில் ஒன்று கதவில்லாத, தட்டை முகப் பிக்கப். முதுகில் இரண்டு அலைச்சறுக்குப் பலகை. அதே டியோரா. பொம்மைகளின் பெயர் ஹாட் வீல்ஸ். இன்று சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில், பிள்ளைகளின் கை எட்டும் உயரத்தில் அட்டையில் தொங்கி அப்பாக்களின் பர்ஸைத் திறக்கவைக்கும் அதே ஹாட் வீல்ஸ். ஓடாது என்று பிராட்லி நினைத்த பொம்மை அவருடைய காலத்தையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

அசல் டியோரா 2009-ல் ஏலத்துக்கு வந்தது. 3,24,500 டாலருக்குப் போனது. அதற்குள் கிட் உலகமும் எவ்வளவோ மாறியிருந்தது. ஒவ்வொரு வருடமும் புது மாடலுக்காகப் பழைய அச்சையே வெட்டித் திருத்தியதால், பல பழைய வண்டிகள் திரும்பி வரவே முடியாதபடி அழிந்துபோயின. அந்த ஓட்டையை அடைத்தவர்கள் வீட்டுப் பின்கட்டில் சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து ரெசின் ஊற்றிப் பாகம் வார்த்த பொழுதுபோக்குக்காரர்கள். இப்போது முப்பரிமாண பிரின்டரும் சேர்ந்துகொண்டது. கடையில் கிடைக்காத கிரில் மேஜையிலேயே முளைக்கிறது.

டியோரா கிட்டும் மறுபதிப்பாக வந்தது. அதைக் கட்டுகிறவர் கையில் இன்றும் கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு கடைசியில் வந்து சேரும். குறிப்புத் தாளில் அதற்கு முன்கண்ணாடி என்று பெயர். அதன் வளைவு மட்டும் இன்னும் ஃபோர்டு வேகனின் முதுகு வளைவுதான்.