தமிழில் வைத்தியம் கற்றோர்: மானிப்பாய் மருத்துவ வகுப்பு, 1848 – 1873

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து மேற்கே செல்லும் வீதி மானிப்பாயை அடைகின்றது. அங்கே அமெரிக்கன் மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 ஆம் ஆண்டில் ஒரு மருத்துவ வகுப்பைத் தொடங்கினார். அவர் தமிழில் மருத்துவ நூல்களை ஆக்குவித்தமை பலராலும் பாராட்டப்பட்டுள்ளது. அம்மொழியில் கற்க மாணாக்கர் எங்ஙனம் கிடைத்தனர், கற்றோர் எங்கே சென்றனர் என்னும் வினா அத்துணை கவனம் பெறுவதில்லை.

இவ்வினா மருத்துவத்துக்கு மட்டும் உரியதன்று. கணினிக்கு ஆணை எழுதும் மொழிகளிலும் இதுவே நிகழ்கின்றது. 1959 ஆம் ஆண்டில் வகுக்கத் தொடங்கப்பட்ட கோபோல் என்னும் மொழியை இளைஞர் கற்பது அருகிய பின்னரும், அரசாங்கங்களின் பழைய கணினிகள் அதிலேயே இயங்கிவந்தன. 2020 ஏப்ரலில், கொள்ளைநோயால் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்தபோது, அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநில ஆளுநர் அம்மொழி அறிந்தோரைப் பகிரங்கமாக அழைக்க நேர்ந்தது. மொழியில் ஆற்றல் இருந்தும், அதனைக் கற்பதால் வாழ்வு வளம்பெறும் என்ற நம்பிக்கை இளைஞரிடம் இல்லை.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலமறிந்த இளைஞருக்கு அன்று குறைவில்லை. 1823 இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினறி அத்தகையோரை உருவாக்கியிருந்தது. ஆயின் ஆங்கிலம் கற்றவர்களை அரசாங்க உத்தியோகம் ஈர்த்தது. 1855 இல் செமினறி மூடப்பட்டமைக்கான காரணங்களுள் இதுவும் ஒன்று. மருத்துவம் கற்றோரும் இதற்கு விலக்கல்லர். அவர்களைச் சேர்த்தல் எளிதாயிற்று. கிராமத்தில் நிலைபெறச் செய்தல் அரிதாயிற்று. உரும்பிராய் போன்றதொரு செம்மண் ஊரின் கமக்காரனுக்கு, தூரதேசத்தில் சம்பளம் பெறும் வைத்தியரால் ஆவதென்ன?

1857 இல் தாயகம் சென்று 1862 இல் மீண்ட கிறீன், 1864 தொடக்கம் தமிழில் கற்பிக்கலானார். இதனை வெறும் தமிழ்ப்பற்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. அவர் மிசனறி; மதம் பரப்புதல் அவரது நோக்கத்தினின்றும் பிரிக்கமுடியாதது. சொந்த ஊரிலே, உடையும் வழக்கமும் மாறாது, நோயாளியின் மொழியிற் பேசும் வைத்தியரையே அவர் வேண்டினார்.

அவ்வாறு கற்பிக்க நூல்கள் வேண்டியிருந்தன. கட்டர் என்பாரின் உடற்கூற்று நூலை 1850களிலேயே அவர் தமிழாக்கியிருந்தார். 1867 இல் ‘இரண வைத்தியம்’, 1872 இல் கிறேயின் நூலைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’, 1875 இல் ‘கெமிஸ்தம்’ என்பன வெளிவந்தன. கலைச்சொல்லைத் தமிழில் தேடுதல், இல்லையேல் வடமொழியில் தேடுதல், அங்கும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைவித்தல் என்பது அவர் கைக்கொண்ட முறை. ‘கெமிஸ்தம்’ என்ற பெயரே இறுதிவகைக்குச் சான்று. இம்மொழிபெயர்ப்புகளில் அவருக்குத் துணைநின்ற சாப்மன், டான்போர்த் முதலியோர் அவரிடமே பயின்றவர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலத்திற் கற்ற தலைமுறையின்றித் தமிழிற் கற்பிக்கும் வகுப்பு தோன்றியிராது.

அறுபதுக்கு மேற்பட்டோர் கிறீனிடம் பயின்றனர். அவர்களுள் 33 பேர் தமிழிற் கற்றவர். தொகை சிறிதே. எனினும் கிராமத்து வைத்தியரை உருவாக்குவதென்ற நோக்கில் அது வீணான முயற்சியன்று. அதனை வீழ்த்தியது மொழியின் வறுமையுமன்று. 1870 இல் கொழும்பில் அரசாங்கம் தொடங்கிய வைத்தியக் கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசாங்கப் பதவிக்கு அதுவே வாயிலாயிற்று. 1873 இல் கிறீன் நாடு திரும்பினார். அங்கிருந்தும் அவர் மொழிபெயர்ப்புப் பணியைக் கைவிடவில்லை. ‘மனுஷ சுகரணம்’ 1883 இல் வெளிவந்தது. நூல்கள் வந்துகொண்டிருந்தன, அவற்றைக் கற்க வேண்டிய மாணாக்கரோ அருகிவிட்டனர்.

மானிப்பாய்க்குச் சில மைல் தொலைவில், யாழ்ப்பாணத்திலே 1978 ஆம் ஆண்டில் மருத்துவ பீடம் அமைந்தது. உயர்தர வகுப்புவரை விஞ்ஞானத்தைத் தமிழிலே பயின்றுவந்த மாணவர் பலர் அதிற் சேர்ந்தனர். போதனாமொழி ஆங்கிலமாகவே இருந்தது.