தீவகத்தில் விளையாட்டும் உடைமையும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு நாட்டில் ஒரு குறிப்பிட்ட விளையாட்டுச் செல்வாக்குப் பெறுவதற்கு அந்நாட்டின் தட்பவெப்பமும் நிலவமைப்பும் மக்களின் பிறவிக் குணமும் காரணங்களாகக் கூறப்படுவதுண்டு. புல்வெளியும் குதிரையும் உள்ளவிடத்துக் குதிரைப் பந்தயம் தானே தோன்றும் என்பர். மொங்கோலியாவை மட்டும் நோக்கின் இக்கூற்று மெய்போலத் தோன்றும். யாழ்ப்பாணத் தீவகத்தின் நெடுந்தீவை நோக்குமிடத்து அது நிலைகுலைந்துவிடுகிறது.

நெடுந்தீவில் புல்வெளி உண்டு, குதிரையும் உண்டு. போர்த்துக்கேயரோடு வந்தனவெனவும், 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் காலத்திற் பெருகினவெனவும் கருதப்படும் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே கட்டின்றி மேய்கின்றன. பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்ற இராணுவ அதிகாரியின் பொறுப்பிற் குதிரை வளர்ப்புத் தொடர்ந்தது. லாயங்களின் கற்றூண்களை இன்றும் காணலாம். ஆயினும் குதிரைப் பந்தயம் தீவு மக்களின் தலையாய விளையாட்டாக உருப்பெறவில்லை. யாழ்ப்பாணப் பிரதேசத்திற் சனங்கள் திரண்டு நின்று ஆரவாரித்த ஓட்டம் மாட்டுவண்டிச் சவாரியே.

இதனை விளக்கக் குதிரையின் உடைமையாளர் எவர் என்று வினவுதல் வேண்டும். நெடுந்தீவுக் குதிரை கும்பனியின் உடைமை. பின்னர் அரசின் உடைமை. அது தீவானின் வயலை உழவில்லை. அவன் வீட்டுச் சுமையை இழுக்கவில்லை. தீவின் சொந்தச் செல்வம் கால்நடையே. பசுத்தீவு என்ற பழம் பெயரும், போர்த்துக்கேயர் அதனைப் பசுக்களின் தீவென்றே தம் மொழியில் வழங்கியமையும் ஈண்டு மனங்கொளத்தக்கன. மொங்கோலிய இடையனுக்கோ குதிரை ஊர்தியாகவும் பாலாகவும் மந்தையை மடக்கும் கருவியாகவும் அமைந்தது. நாதம் விழாவில் நிகழும் ஓட்டம் அவனது அன்றாட உழைப்பின் நீட்சியாகும். இலங்கையிலோ 1875 இல் நுவரெலியாவிலும் 1893 இல் கொழும்பிலும் அமைந்த பந்தயத் திடல்கள் தோட்டத்துரைமாரினதும் அவர்களைப் பின்பற்றிய சுதேசிய மேற்குடியினரதும் பொழுதுபோக்குக்கே உரியவாயின. ஒரே விலங்கு, மூன்றிடங்களில் மூன்று சமூக உறவுகள்.

இவ்வாறு கூறுவதால் சவாரியை மக்கள் கலையெனப் புனிதப்படுத்துவது நமது நோக்கமன்று. உழவுமாட்டிலிருந்து பிறந்த இவ்விளையாட்டிற் சவாரி மாடு வளர்ப்பதற்கு நிலமும் தீனியும் ஓய்வும் தேவைப்பட்டன. காணியற்றோர்க்கும், சாதியின் பேரால் ஒடுக்கப்பட்டோர்க்கும் திடலின் ஓரமே எஞ்சியது. கோடு கீறினாற் போதும் என்ற நிலையிலிருந்த கிளித்தட்டு அவர்களுக்கும் எட்டியது. நிலாக்காலத்து மணற்றரையும் இளைஞர் சிலரும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும்.

பந்தாட்டங்களின் பரவலையும் இவ்வாறே நோக்கலாம். கத்தோலிக்கக் கரையோரக் கிராமங்களில் உதைபந்தாட்டம் ஆழ வேரூன்றியமைக்குக் கரைவலை இழுக்கும் கூட்டுழைப்பே காரணமென்று விளக்க முற்படுவோர் உளர். எமக்கு இது மிகையான எளிமைப்படுத்தலாகவே படுகிறது. கோயில் வளவு பொதுவாகக் கிடைத்தது. மாலையில் ஓய்வும் கிடைத்தது. ஒரு பந்து இருபத்திரண்டு பேருக்குப் போதுமானதாயிருந்தது. 1895 இல் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் உருவாகி, 1916 இல் அதே இயக்கத்தின் வழியே இலங்கைக்கு வந்த கரப்பந்தாட்டமும் சிறிய காணித்துண்டினுள் அடங்கியமையாற் கிராமங்களைச் சென்றடைந்தது. அரசு அதனைத் தேசிய விளையாட்டாகப் பிரகடனஞ் செய்தது 1991 இலேதான்!

கிறிக்கெற்றின் கதை வேறு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் சென்ற் ஜோன்ஸ் கல்லூரியும் 1904 இல் தொடங்கிய போட்டி இன்றும் 'வடக்கின் பெரும் போர்' எனக் கொண்டாடப்படுகிறது. ஆங்கிலக் கல்வி, அரசாங்க உத்தியோகம், வெள்ளை உடை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தழுவி நின்ற உலகம் அது. ஊர்காவற்றுறையிலிருந்தோ நயினாதீவிலிருந்தோ அவ்வுலகினுட் புக விரும்பிய மாணவன் கடலையும் கட்டணத்தையும் கடக்கவேண்டியிருந்தது. கரிபியனிலும் கிறிக்கெற் ஆள்வோரின் விளையாட்டாகவே நுழைந்தது; ஆனால் அங்கு அடிமைகளின் வழிவந்தோர் அதனைக் கைப்பற்றி, நிறபேதத்துக்கு எதிரான களமாக்கிக் கொண்டமையை சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963 இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். யாழ்ப்பாணத்திலோ கல்லூரியின் எதிரி மற்றொரு கல்லூரியே. ஆள்வோனை மடக்கும் அரங்காக ஆடுகளம் மாறவில்லை.

1996 இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றபோது, 1990–91 இல் இடம்பெயர்ந்த தீவக மக்களிற் பெரும்பகுதியினர் தம் ஊர்களில் இருக்கவில்லை. போரின் பின்னர் திரும்பிய ஊர்களில் மென்பந்துக் கிறிக்கெற் வெறும் காணிகளை நிரப்பியது. விலையுயர்ந்த தோற்பந்தும் காலுறையும் வேண்டாத இவ்வடிவமே தீவானின் கைக்கு எட்டியதென்பது தற்செயலன்று.

2025 செப்டெம்பரில், தீவகத்தின் வாயிலிலுள்ள மண்டைதீவிற் சர்வதேசக் கிறிக்கெற் மைதானமொன்றின் நிர்மாணப் பணிகள் தொடக்கிவைக்கப்பட்டன. இதனை வரவேற்போரும் சதுப்புநிலச் சூழல் குறித்து அஞ்சுவோரும் உளர். நெடுந்தீவு லாயத்தின் கற்றூண்களைக் கண்ட எமக்கு வேறொரு வினாவும் எழுகிறது: போட்டியில்லாத மாலைகளில் அம்மைதானத்தின் வாயில் மண்டைதீவுச் சிறுவர்க்குத் திறந்திருக்குமா?