ஓசோன் ஓட்டை: சேதி நம் தெருவுக்கு வந்த வழி

ஃபிரிட்ஜுக்கு கேஸ் விற்றவன் ஓசோன் வரலாறு எழுத வந்துவிட்டானே என்று வாசக அன்பர்கள் சிரிக்கலாம். சிரிக்கட்டும். 1980களின் இறுதியில் பம்பாயில் நான் உதிரிபாகக் கடை போட்டபோது எனக்குப் படி அளந்தது ஆர்-12 சிலிண்டர்தான். மெக்கானிக் பழைய கேஸைக் காற்றில் திறந்து விட்டுவிட்டுப் புதிதாக அடிப்பார். அதற்கு நிறம் கிடையாது, தீப்பிடிக்காது, மூக்கில் ஏறாது. இதைவிடச் சாதுவான சரக்கு உண்டா என்று இருந்தேன். அது வானத்தில் செய்த வேலை என்ன, அந்தச் சேதி யார் யார் கை மாறி நம்மிடம் வந்தது என்பதையெல்லாம் பிற்பாடு தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

முதலில் அளந்தவர்களைச் சொல்ல வேண்டும். 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டிப் பல நாடுகளிலும் ஓசோனை ஒரே முறையில் அளக்கும் ஏற்பாடு உலக வானிலை நிறுவனத்தின் துணையோடு பரவிற்று. நம் கொடைக்கானலிலும் 1957 முதல் டாப்சன் கருவி வைத்து அளந்தார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி, இந்திய வானிலைத் துறையில் இருந்துகொண்டு, பலூனில் கட்டிப் பறக்கவிடும் ஓசோன் கருவியை 1964-ல் உள்நாட்டிலேயே உருவாக்க வழி செய்தார். நாமோ கொடைக்கானல் போனால் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்!

குளோரோஃபுளோரோ கார்பன் மேலே போய் ஓசோனை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் 1974-ல் எழுதினார்கள். தொழிற்சாலைக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அளப்பவர் பேச்சு ஊருக்கு விளங்காது. ஊரைக் கூட்டத் தெரிந்தவரிடம் அளவு இருக்காது. இந்த முடிச்சை அவிழ்த்ததுதான் 1977. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் அவ்வாண்டு வாஷிங்டனில் கூட்டிய கூட்டத்தில் உலகச் செயல்திட்டம் ஒன்று உருவாயிற்று. காற்று மண்டலத்தை ஆராய்வது வானிலை நிறுவனத்தின் பங்கு, உடல்நலம் சுகாதார நிறுவனத்தின் பங்கு, எல்லாரையும் ஒரே பாயில் உட்கார வைப்பது சுற்றுச்சூழல் திட்டத்தின் பங்கு. அப்போது அதன் தலைவராக இருந்தவர் எகிப்து நாட்டு முஸ்தஃபா டோல்பா. நுண்ணுயிரியல் படித்தவர், பேரம் பேசுவதிலும் கெட்டிக்காரர்.

1985 மார்ச்சில் வியன்னா ஒப்பந்தம். இரண்டே மாதத்தில், அண்டார்க்டிக் வானில் வசந்தகால ஓசோன் வெகுவாகக் குறைந்திருப்பதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர் மூவர் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு இரு ஐ.நா. அமைப்புகளும் அமெரிக்காவின் நாசாவும் இன்னும் சில நிறுவனங்களும் சேர்ந்து, மூன்று பாகத்தில் ஒரே அறிக்கையைக் கொண்டுவந்தன. இதில்தான் சூட்சுமம். ஆளுக்கொரு அறிக்கை வந்திருந்தால் எதிராளி தனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டு போயிருப்பான். எல்லாருடைய பெயரும் ஒரே அட்டையில் இருந்ததால் அந்த வழி அடைபட்டது. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

ஆனால் நம் நாடு உடனே சேரவில்லை. அதில் தவறு காண எனக்கு மனம் வரவில்லை. காற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு பணக்கார நாடுகளுடையது. மாற்றுச் சரக்கின் விலையை மட்டும் நாம் ஏன் தர வேண்டும்? 1990 லண்டன் கூட்டத்தில் உதவி நிதி ஒன்று முடிவாயிற்று. அதன் பிறகே, 1992-ல், இந்தியா சேர்ந்தது. எவ்வளவு அழகாகச் சேதி சொன்னாலும் கூடவே பணப்பையும் வரவேண்டும் என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த உடன்படிக்கையின் செயலகத்தை 1991 முதல் 2000 வரை நடத்தியவர் நம் நாட்டு ஐ.ஏ.எஸ். அதிகாரி மாதவ சர்மா.

சாதாரண மக்களுக்குச் சொல்லவும் வழி கண்டார்கள். 1995-ல் சுகாதார நிறுவனம், வானிலை நிறுவனம், சுற்றுச்சூழல் திட்டம் ஆகியவை கதிர்வீச்சு நிபுணர் குழு ஒன்றுடன் கூடிப் புற ஊதாக் கதிருக்கு ஒரு குறியீட்டெண் வெளியிட்டன. 2002-ல் அதற்கு நிறமும் வகுத்தார்கள். 2 வரை பச்சை, 11-ம் அதற்கு மேலும் ஊதா. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். உடன்படிக்கைக்காக விஞ்ஞானிகள் எழுதிய 2002 அறிக்கையில் 20 கேள்விகளும் பதில்களும் தனியே சேர்ந்தன. “ஓட்டை” என்கிறார்களே, நிஜத்தில் அது மெலிவுதான் என்பதையே அதைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். 2023 ஜனவரியில் வந்த மதிப்பீடு, இப்போதைய கட்டுப்பாடுகள் தொடர்ந்தால் அண்டார்க்டிக் ஓசோன் 2066 வாக்கில் 1980-ன் நிலைக்குத் திரும்பும் என்கிறது.

ஜெனிவாவிலிருந்தும் நைரோபியிலிருந்தும் புறப்பட்ட சேதிக்குக் கடைசி ஒரு மைல்தான் கஷ்டம். எங்கள் தெருவுக்கு முதலில் வந்தது வழவழப்பான இங்கிலீஷ் துண்டுப்பிரசுரம். மெக்கானிக்குகள் அதில் காப்பர் டியூபைச் சுற்றி வைத்தார்கள். ஜெர்மனி, சுவிட்சர்லாந்து நாடுகளும் ஐ.நா. அமைப்புகளும் நம் அரசோடு சேர்ந்து மெக்கானிக்குகளுக்குக் கையால் செய்து காட்டிப் பயிற்சி தந்த பிறகுதான் நிலைமை மாறிற்று. அப்படிப் போய்வந்த திருநெல்வேலித் தம்பி ஒருவர் ஒரு நாள் கடைக் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, “அண்ணாச்சி, இத்தனை வருஷமா தொறந்து விட்டோமே, அதெல்லாம் இப்ப எங்க இருக்கும்?” என்றார். மேலேதான் இருக்கும், ஏறக்குறைய நூறு வருஷம் இருக்கும் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம், பழைய கேஸைப் பிடித்து வைக்க ஒரு காலி சிலிண்டர் வேண்டும் என்று வந்து நின்றார்.