முகத்துக்கு யார் காசு கொடுப்பது?

1843 டிசம்பரில், சிங்கப்பூரில் ‘லண்டன் ஹோட்டல்’ நடத்திவந்த காஸ்டன் டுட்ரோன்குவா செய்தித்தாளில் ஒரு விளம்பரம் கொடுத்தார்: இரண்டே நிமிடத்தில் உங்கள் உருவத்தைத் தகட்டில் பிடித்துத் தருவோம், ஒருவருக்கு 10 வெள்ளி, ஒரே படத்தில் இருவர் என்றால் 15. பாரிஸில் டாகெரின் புகைப்பட வித்தை வெளியாகி நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நாகூர் வழிவந்தவரும் தமிழ் கற்றவருமான முன்ஷி அப்துல்லா, அதற்குச் சற்று முன்பே சிங்கப்பூர் நகரம் ஒரு தகட்டில் பதிந்திருந்ததைப் பார்த்து வாய்பிளந்ததைத் தன் வாழ்க்கை வரலாறான ‘ஹிகாயத் அப்துல்லா’வில் எழுதியிருக்கிறார். வியப்பது இலவசம். 10 வெள்ளி கொடுத்து முகம் பதிய, மூட்டை தூக்குகிறவர் யாரும் அந்த ஹோட்டல் படியேறியிருக்க மாட்டார்.

அவர் முகம் படத்துக்குள் வந்தது வேறு வழியில். 1862இல் எடின்பரோக்காரர் ஜான் தாம்சன் இங்கே கடை போட்டார். அப்போது கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். இந்த ஊர் வெக்கையில் அது பெரும்பாடு. கை படாமல் உருவம் எழுவது பேய் வேலை என்று சீனர்கள் ஒதுங்கிக்கொள்ள, இரண்டு மதராஸ்காரர்களைப் பழக்கி அச்சிடும் வேலையில் வைத்துக்கொண்டதாகத் தாம்சனே எழுதியிருக்கிறார். அவர்கள் பெயரை மட்டும் எழுதவில்லை. இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர்கள் அந்த இருவர்தான்.

பத்தாண்டுகள் ஆசியத் தெருக்களில் சுற்றிய தாம்சன் ஊர் திரும்பி, 1877இல் பத்திரிகையாளர் அடால்ஃப் ஸ்மித்துடன் சேர்ந்து ‘ஸ்ட்ரீட் லைஃப் இன் லண்டன்’ வெளியிட்டார். பூ விற்பவர், வண்டிக்காரர், படிக்கட்டில் சுருண்டு கிடக்கும் ஏழைப்பெண் என்று ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அவரவர் பாடு எழுதப்பட்டிருந்தது. ஆவணப் புகைப்படக் கலையின் ஆரம்ப நூல்களில் ஒன்று அது. தெருவில் படமெடுப்பது மேற்கிலிருந்து கிழக்குக்கு வந்த பழக்கம் என்று நாம் நினைக்கிறோம்; இவர் விஷயத்தில் அது எதிர்த்திசையில் கப்பலேறியிருக்கிறது.

சிங்கப்பூரில் மிஞ்சியது வியாபாரம். 1867இல் டிரெஸ்டன்காரர் ஜி. ஆர். லாம்பர்ட் நிறுவனம் தொடங்கினார். இரண்டே வருடத்தில் சூயஸ் கால்வாய் திறந்தது. கப்பல் பயணிகளுக்கு நினைவுப்பொருள் வேண்டுமே! உள்ளூர் மக்களின் படங்கள் ‘இன மாதிரி’களாக விற்றன, பிறகு அஞ்சலட்டைகளாயின. படத்தில் இருப்பவருக்குப் பெயர் கிடையாது. ‘கிளிங்’ (தென்னிந்தியர்) என்றோ ‘மலாய்’ என்றோ ஒரு குறிப்பு மட்டும். காசு கொடுத்தவர் வாங்கியவர், வாங்கிக்கொண்டவர் கடைக்காரர்.

இதைப் புரட்டிப் போட்டவர்கள் சீன ஸ்டூடியோக்காரர்கள். ஹில் ஸ்ட்ரீட்டின் லீ சகோதரர்கள் 1910களிலும் 20களிலும் எடுத்த சுமார் 2,500 உருவப்படங்கள் இன்று தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. இங்கே காசு கொடுப்பவர் உட்கார்ந்திருப்பவரே. எந்தச் சட்டை, எந்த நாற்காலி, கடிகாரம் தெரிய வேண்டுமா என்பதெல்லாம் அவர் இஷ்டம்.

1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரநிலை வந்தது, கூடவே அடையாள அட்டையும். இனி முகம் பதிவது ஆசையல்ல, கட்டாயம். ஒப்பனையில்லாத கறுப்புவெள்ளை முகங்கள் இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் அதற்கு முன் இத்தீவில் குவிந்திருக்காது. எடுக்கச் சொன்னது போலீசுக்குப் பயன்படும் கணக்கு, கலையல்ல.

வெறும் பார்வைக்காகத் தெருவில் இறங்கியவர்கள் கைக்கடக்கமான கேமராக்களோடு வந்தார்கள். சைனாடவுன்வாசியான யிப் சியோங் ஃபுன் அவர்களில் பெரியவர். பிறகு கலர் ஃபிலிம் மலிந்ததும் கறுப்புவெள்ளை ஸ்டூடியோக்களிலிருந்து வெளியேறியது. அது திரும்பி வந்ததுதான் வேடிக்கை: 2012இல் லைக்கா நிறுவனம் கறுப்புவெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் கேமராவை, கலர் எடுப்பதைவிட அதிக விலைக்கு விற்கத் தொடங்கியது.

இன்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் அப்படிப்பட்ட கேமராக்கள் நடமாடுகின்றன. படம் எடுத்து முடித்ததும், விடுமுறையில் இருக்கும் கட்டுமானத் தொழிலாளி தன் கைப்பேசியை நீட்டுகிறார்: “வாட்ஸ்அப்ல எனக்கும் அனுப்புங்கண்ணே. ஆனா கலர்ல!”