பதுக்கம்மா மலர்விழாவும் சோழர் பற்றிய மரபுக் கதைகளும்

முன்னுரை

தெலுங்கானா மகளிர் மகாளய அமாவாசையில் தொடங்கித் துர்க்காட்டமி வரை ஒன்பது நாள் கொண்டாடும் மலர்விழா பதுக்கம்மா ஆகும். 2014ஆம் ஆண்டில் தனி மாநிலம் அமைந்தபோது இஃது அரசு விழாவாக அறிவிக்கப்பெற்றது. பணியின் பொருட்டு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தெலுங்கானா மக்கள் இதனை இங்கும் கொண்டாடி வருகின்றனர். இவ்விழாவின் தோற்றம் பற்றி வழங்கும் கதைகளுள் இரண்டு சோழரைச் சார்ந்தவை. ஒன்றில் சோழ மன்னன் தேவியின் தந்தை. மற்றொன்றில் சோழ இளவரசன் கோயிலை அழித்தவன். இவ்விரண்டையும் தமிழ் கற்பிக்கும் நாம் எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

விழா மரபு

தாம்பாளத்தில் இலைகளைப் பரப்பி, அவற்றின்மேல் மலர்களை வட்ட வட்டமாக அடுக்கிக் கோபுரம் போல் உயர்த்துவர். தங்கேடு எனத் தெலுங்கிலும் ஆவாரை எனத் தமிழிலும் வழங்கும் மஞ்சள் மலர் இதில் தலைமையிடம் பெறும். சங்க நூல்கள் சுட்டும் ஆவிரை இதுவே. குனுகு எனப்படும் பண்ணைக்கீரைப் பூவுக்குச் சாயமேற்றிச் சேர்ப்பர். பூசணிப்பூ, துலுக்கச் செவ்வந்தி முதலியனவும் இடம்பெறும். உச்சியில் மஞ்சளால் பிடித்த கௌரியம்மையை வைப்பர். மாலையில் மகளிர் இதனை நடுவில் வைத்துக் கைகொட்டிச் சுற்றி வந்து பாடுவர். பின்னர் ஏரியிலோ குளத்திலோ விடுவர். மழைக்காலத்தின் இறுதியில் நீர்நிலைகள் நிரம்பிக் காட்டுப்பூக்கள் மலிந்திருக்கும் பருவம் அது.

ஒவ்வொரு நாளுக்கும் தனிப்பெயர் உண்டு. முதல் நாள் ‘எங்கிலிப் பூ’ பதுக்கம்மா. ‘எங்கிலி’ என்னும் தெலுங்குச் சொல் தமிழின் ‘எச்சில்’ என்பதோடு உறவுடையது. முதல் நாளே பறித்து வைத்த பூக்களைக் கொண்டு தொடுப்பதால் இப்பெயர் வந்தது என்பர். ஆறாம் நாளில் தேவி ஊடியிருப்பதாகக் கருதி மலர் அடுக்குவதில்லை. இறுதி நாளான சத்துல பதுக்கம்மாவில் தயிர், புளி, எலுமிச்சை, எள், தேங்காய் ஆகியவை கலந்த சோற்று வகைகளைப் படைப்பர்.

இரு கதைகள்

முதற்கதையில், தர்மாங்கதன் என்னும் சோழ மன்னன் தன் மக்கள் நூற்றுவரையும் இழந்து தவம் புரிகின்றான். திருமகளே அவனுக்கு மகளாகப் பிறக்க, முனிவர்கள் அக்குழந்தையை ‘வாழ்க’ என வாழ்த்திப் பதுக்கம்மா எனப் பெயரிடுகின்றனர். தெலுங்கில் ‘பதுகு’ என்பது வாழ்தலைக் குறிக்கும்.

இரண்டாம் கதை வேமுலவாடாவைக் களமாகக் கொண்டது. மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனை வென்ற இராசேந்திரன், வேமுலவாடாக் கோயிலை இடித்து, அங்கிருந்த பெரிய இலிங்கத்தைத் தஞ்சைக்குக் கொண்டுசென்று தந்தைக்கு அளித்தான் என்பது அது. இலிங்கத்தை இழந்த மக்கள் மேரு வடிவில் மலர்களைக் குவித்து வழிபட்டனர். தேவியின் பெயர் ‘பிருகதம்மா’ என்பதிலிருந்து திரிந்தது என்றும் கூறுவர்.

சான்றுகளின் நிலை

இரண்டாம் கதையை முற்றிலும் ஆதாரமற்றது எனத் தள்ளுதல் நேர்மையாகாது. கர்நாடகத்து ஹொட்டூரில் உள்ள, 1007ஆம் ஆண்டைச் சார்ந்த சத்தியாசிரயன் காலக் கல்வெட்டு, சோழர் படை அந்நாட்டைப் பாழ்படுத்தியதையும் பெண்டிரையும் குழந்தைகளையும் கொன்றதையும் குறிப்பிடுகின்றது. அது பகைவர் கூற்று ஆதலின் மிகையிருக்கலாம். ஆயினும் போர் நடந்தது உறுதி.

தஞ்சைக் கல்வெட்டுகளும் அப்போரை அறியும். சத்தியாசிரயனை வென்று திரும்பிய இராசராசன் இறைவன் திருவடியில் இட்டு வணங்கிய பொற்பூக்கள் அங்கே எடையுடன் பதிவாகியுள்ளன. பொற்பூவின் எடையையும் விடாது பொறித்த அக்கல்வெட்டுகளில், வேமுலவாடாவிலிருந்து இலிங்கம் வந்ததாக ஒரு குறிப்பும் இல்லை. போரில் கைப்பற்றிய செல்வத்தைக் கோயிலுக்கு அளித்ததை வெளிப்படையாகப் பொறித்த மன்னன் இதனை மட்டும் மறைக்கக் காரணம் காணோம்.

பெயர்க் காரணமும் ஐயத்திற்குரியதே. இராசராசன் கல்வெட்டுகளில் தஞ்சைக் கோயில் இராசராசேச்சரம் என்றே வழங்கும். பிருகதீசுவரர் என்பது பிற்காலப் பெயர். எனவே 11ஆம் நூற்றாண்டு மக்கள் அதனைக் கொண்டு ‘பிருகதம்மா’ என அழைத்திருத்தல் அரிது. வேமுலவாடா இறைவன் பெயரும் இராஜராஜேசுவரர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. இப்பெயர் ஒற்றுமையே இருகோயில்களையும் ஒரு கதையில் இணைத்திருக்கலாம் என நாம் கருதுகின்றோம்.

முடிவுரை

முதற்கதையைப் பெருமையாக ஏற்று, இரண்டாவதை அவதூறு எனப் புறக்கணிப்பது நம் வகுப்பறைகளில் எளிதில் நேரக்கூடிய பிழை. இரண்டுமே கல்வெட்டுச் சான்றில்லாத மரபுக் கதைகள். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தல் வேண்டும். அதேவேளையில், சோழர் வெற்றியைக் கற்பிக்கும்போது ஹொட்டூர்க் கல்வெட்டையும் மாணவர் முன் வைத்தல் நம் கடமையாகும். வென்றவன் பொற்பூவைப் பொறித்தான். தோற்றவர் தம் இழப்பைப் பொறித்தனர். பதுக்கம்மாவோ மன்னர் எவர் பெயரையும் வேண்டாமல், ஆவாரம்பூவும் குளத்து நீரும் பெண்டிர் பாட்டும் உள்ளவரை நிலைக்கும் விழாவாகும்.