பாயை நூற்றவள்

ராசிபுரத்துக்குக் கடல் இல்லை, தறி உண்டு. அதனால்தான் கப்பல் பாயைப் பற்றி இங்கிருந்து எழுதுகிறேன். பட்டுச் சேலைக்குப் பேர்போன இந்த ஊரில் பெண்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து தார் சுற்றுகிறார்கள். தார் இல்லாமல் நாடா ஓடாது. ஆனால் தறியில் இருப்பவரே நெசவாளர். தார் சுற்றுபவரை அரசின் கைத்தறிக் கணக்கெடுப்பு துணைத் தொழிலாளராகத்தான் எண்ணுகிறது. கடல் வரலாற்றையும் இந்தப் பார்வையோடுதான் எழுதிவைத்திருக்கிறோம்.

சங்க இலக்கியத்தில் பாய்க்கு 'இதை' என்றும் ஒரு பெயர். மதுரைக்காஞ்சியில் அச்சொல் வருகிறது. பாயைக் களையாமலே ஆற்றுமுகத்துக்குள் நுழையும் பெருங்கலத்தைப் புறநானூறு காட்டுகிறது. வகுப்பில் இதையெல்லாம் நடத்தும்போது வணிகரைச் சொல்கிறோம், மீகாமனைச் சொல்கிறோம், மன்னனையும் சொல்கிறோம். பாய் எதனால் ஆனது, யார் கை அதில் பட்டது என்று கேட்பதில்லை.

எதனால் ஆனது என்பதற்குச் செங்கடல் கரையிலிருந்து விடை வந்தது. எகிப்தின் பெரனிகே துறைமுகத்தில் 1994 முதல் அகழாய்வு நடந்தது. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்த ஊர் அது. ரோமானியர் காலக் குப்பைமேட்டில் பருத்தித் துணித் துண்டுகளும் அகப்பட்டன. வலுவுக்காகப் பட்டைநாடா வைத்துத் தைத்த அவை கப்பல் பாய்கள் என்று துணி ஆய்வாளர்களான ஃபெலிசிட்டி வைல்ட், ஜான் பீட்டர் வைல்ட் இருவரும் 2001-ல் எழுதினார்கள். எகிப்தியப் பாய்க்கு மரபான துணி ஆளிநார்த் துணி. நூலின் முறுக்கு இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இங்கே கிடைத்ததோ பருத்தி. முறுக்கு வலப்பக்கம் சாய்ந்தது. அது இந்தியக் கைப்பழக்கம். பொதுவாக நாம் பேசுவது மிளகையும் முத்தையும்தான். அவற்றைச் சுமந்த கலத்தை நகர்த்திய துணியும் இங்கிருந்து போன சரக்குத்தான்.

இனி, யார் கை? ராட்டை வருவதற்கு முன் எல்லா நூலும் தக்களியில் நூற்றது. ஒரு தறிக்குத் தீனி போடப் பலர் நூற்க வேண்டும். வடஐரோப்பாவின் வைக்கிங் கப்பல்களுக்குக் கம்பளிப் பாயைப் பழைய முறையிலேயே செய்து பார்த்தவர்கள், கப்பல் கட்டும் உழைப்புக்குப் பாயின் உழைப்பு குறைந்ததல்ல என்று கண்டார்கள். அந்த உழைப்பில் பெரும்பங்கு நூற்பு.

நம்மிடத்தில் நூற்றவள் பெண் என்பதற்கு இலக்கியமே சாட்சி. இரவில் சிறு விளக்கோடு எழுந்துவரும் பருத்திப் பெண்டு புறநானூற்றில் இருக்கிறாள். ஆண் துணையற்ற பெண்கள் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலை நற்றிணை சொல்கிறது. கொங்குநாட்டின் கொடுமணலில் இரும்புக் கம்பி கோத்த சுடுமண் தக்களி வில்லைகள் கிடைத்திருக்கின்றன. நன்னூல் இன்னும் வெளிப்படையானது: சொல் பஞ்சு, புலவன் நூற்கும் பெண், வாய் அவள் கை, அறிவு அவள் கதிர். 'நூல்' என்று புத்தகத்துக்குப் பெயர் வைக்கும்போது அவள் வேலை உவமையாகிறது. ஆசிரியர் பெயரோ புலவனுக்குப் போகிறது.

நூற்றவள் கப்பலேறவில்லை, கடலைப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஆனாலும் காற்றைப் பிடித்தது அவள் முறுக்கிய நூல். கணவனை இழந்தவளுக்கும் கைவிடப்பட்டவளுக்கும் சோறு போட்ட வேலை, கடல் வணிகத்துக்கே அடிப்படையாக இருந்திருக்கிறது. தமிழரின் கடலோடும் மரபைப் பேசும் பாடத்தில் அவளுக்கு ஒரு பத்தியாவது வேண்டும். தார் சுற்றுகிறவளையும் நெசவாளர் என்றே எழுத வேண்டும்; கூலியைப் பேசும் இடத்தில் அந்தப் பெயர்தான் கணக்கு.