சாராபாய் (நிலாப் பள்ளம்)

நிலாவில் பூமியை நோக்கிய பக்கத்தில், மாரே செரினிடாட்டிஸ் என்ற எரிமலைக் குழம்புச் சமவெளியில் இருக்கிறது சாராபாய் பள்ளம். குறுக்களவு ஏறக்குறைய 8 கி.மீ., ஆழம் சுமார் 1.7 கி.மீ. பக்கத்திலுள்ள பெரிய பள்ளத்தை ஒட்டி 'பெஸ்ஸல் ஏ' எனப்பட்டு வந்த இதற்கு, 1973-ல் சர்வதேச வானியல் ஒன்றியம் இந்திய விண்வெளித் திட்டத்தின் முன்னோடி விக்ரம் சாராபாயின் (1919–1971) பெயரைச் சூட்டியது.

சாராபாய் அகமதாபாத்காரர், ஆனால் அவரது விண்வெளி வேலை வேர்பிடித்தது திருவனந்தபுரத்தில்தான். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்ததால் தும்பா என்ற மீனவர் ஊரை ராக்கெட் ஏவத் தேர்ந்தார்கள். பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவின் ஒத்துழைப்புடன் புனித மரிய மதலேனாள் தேவாலயம் கைக்கு வந்தது; ராக்கெட் பாகங்களைப் பூட்டியது அந்தக் கோயில் கட்டடத்துக்குள்தான். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து நைக்கி-அப்பாச்சி ராக்கெட் கிளம்பியது. சாராபாய் இறந்ததும் இதே மண்ணில், கோவளத்தில், 1971 டிசம்பர் 30 அன்று. தும்பாவிலிருந்த நிலையங்கள் ஒன்றாகி, 1972-ல் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் ஆயின.

சாராபாய் பள்ளத்தில் மனிதர் யாரும் இறங்கியதில்லை. ஆனால் அங்கிருந்து தென்கிழக்கே சுமார் 300 கி.மீ. தொலைவில், 1972 டிசம்பரில் அப்போலோ 17 இறங்கியது. அதில் போன ஹாரிசன் ஷ்மிட் புவியியலாளர். 110 மீட்டர் அகலமே உள்ள ஷார்ட்டி பள்ளத்தின் விளிம்பில் அவர் கால்பட்டுக் கிளறிய இடத்தில் ஆரஞ்சு நிற மண் தெரிந்தது. உடன் சென்ற யூஜின் செர்னானும் பார்த்து உறுதிசெய்ய, இருவரும் அங்கே குழி தோண்டி மண் அள்ளினார்கள். எரிமலை வாய் ஒன்று அகப்பட்டதோ என்று முதலில் தோன்றியது. ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, 350 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பீறிட்ட எரிமலைக் குழம்பு உறைந்த கண்ணாடி மணிகள் அவை. பள்ளமோ பின்னாளில் விண்கல் மோதி உண்டானது. அதன் அடியில் கிடந்த பழைய அடுக்கை மோதல் மேலே கொண்டுவந்திருந்தது.

சாராபாய் பள்ளத்தை 2020 ஜூலை 30 அன்று சந்திரயான்-2-இன் நிலவரைவுக் கேமரா முப்பரிமாணமாகப் படமெடுத்தது. சுவர்களின் சரிவு 25 முதல் 35 பாகை என்று தெரியவந்தது.

திருவனந்தபுரத்தில் உருவான கருவி ஒன்று நிலாவைத் தொட்டது வேறிடத்தில். சந்திரயான்-1-லிருந்து பிரிந்த மோதுகலம், பக்கங்களில் மூவர்ணக் கொடியோடு, 2008 நவம்பர் 14 அன்று தென்துருவத்தில் ஷாக்கிள்டன் பள்ளத்தருகே விழுந்தது.